மிலிட்டரி தங்கமாயனும் தோட்டாப் பஞ்சமும்

பாறைமந்தை பேங்கில் சர்வர் படுத்துக்கொண்டால் வாசலில் கூட்டம் கூடிவிடும். பணம் எடுக்க வந்தவர், நகை திருப்ப வந்தவர், சும்மா ஃபேன் காற்றுக்கு வந்தவர் எல்லாரும் உள்ளே புழுங்கிச் சாகாமல் வெளியே தகரக் கூரை நிழலுக்கு வந்துவிடுவார்கள். அங்கேதான் மிலிட்டரி தங்கமாயன் காவலுக்கு நிற்பார். தோளில் சொந்தத் துப்பாக்கி, இரட்டைக்குழல். இடுப்பு பெல்ட் நிறையச் சிவப்புத் தோட்டா. ஆள் பட்டாளத்தை விட்டு வந்து பல வருசம் ஆகியிருந்தது. மீசை மட்டும் இன்னும் டூட்டியில் இருந்தது.

பட்டாளத்தில் அவர் பார்த்தது ரேஷன் ஸ்டோர் வேலை. பருப்பும் மாவும் நிறுத்துக் கொடுத்தே காலம் போயிற்று. அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. வீட்டில் அவர் வாயைத் திறந்தால் சம்சாரம் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள். மகன் திருப்பூரில் இருந்தான். ஃபோனில் 'ம்' கொட்டுவதோடு சரி. தங்கமாயன் பேச்சை உலகத்தில் ஒரு இடத்தில் காது கொடுத்துக் கேட்டார்கள் என்றால் அது இந்த பேங்க் வாசலில்தான்.

அந்த வாசலுக்கே அன்றைக்கு ஆபத்து வந்திருந்தது.

காலையில் வந்ததும் வராததுமாக மேனேஜர் அம்மா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "தங்கமாயன், இன்னைக்கு மண்டல ஆபீஸ்லருந்து செக்யூரிட்டி ஆபீசர் வர்றார். துப்பாக்கி, தோட்டா எல்லாம் பாப்பாராம். தோட்டா இல்லாத துப்பாக்கிக்கு எதுக்குச் சம்பளம்னு மேலே கேக்கறாங்க. சரியில்லைன்னா ஏஜென்சி ஆளைப் போட்டுடுவாங்க. அவன் கம்போட வருவான், செலவும் கம்மி."

"தோட்டாவா மேடம்? பெல்ட்டு பூராம் இருக்கு, பாருங்க," என்று தங்கமாயன் வயிற்றை முன்னால் தள்ளிக் காட்டினார்.

பெல்ட் பூராவும் இருந்தது உண்மை. அதில் உயிருள்ளது ஒன்றே ஒன்று. மிச்சமெல்லாம் எந்தக் காலத்திலோ சுட்டுத் தீர்ந்த வெற்றுக் கூடுகள். தோட்டா விலை முதலில் ஏறியது, அப்புறம் தாறுமாறாக ஏறியது, அப்புறம் கடையில் சரக்கே இல்லாமல் போயிற்று. தங்கமாயன் பார்த்தார். காலிக் கூடுகளில் கேழ்வரகை நிரப்பினார். வாயில் மெழுகை உருக்கி ஊற்றினார். ஆட்டினால் உள்ளே ஈய ரவை கிடக்கிற மாதிரியே கலகலவென்று சத்தம் வந்தது. ஆனால் விஷயம் தெரிந்தவன் கையில் வாங்கி, பித்தளைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் போச்சு. சுட்ட தோட்டாவுக்கு அங்கே நட்ட நடுவில் ஊசி குத்தின பள்ளம் இருக்கும். ஆகையால் அந்த ஒரு நிஜத் தோட்டாவை மட்டும் உருவிக் காட்டி எப்படியாவது ஆபீசரை அனுப்பிவிட வேண்டும். அதுதான் அவர் போட்டு வைத்திருந்த கணக்கு.

தங்கமாயனுக்கு ஒரு குணம் உண்டு. வயிற்றில் பயம் ஏற ஏற, வாயில் புளுகு ஏறும். அன்றைக்கு சர்வரும் படுத்துக்கொண்டதா, கூட்டமும் கூடிவிட்டதா, கேட்கவே வேண்டாம்.

"என்ன மிலிட்டரி, தோட்டா விலையெல்லாம் எக்கச்சக்கமா ஏறிப்போச்சாமே?" என்று ஆரம்பித்து வைத்தவர் காஜா பாய். பேங்குக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருப்பவர். பாஸ்புக்கில் பதிய வந்து மாட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்திருந்தவள் ஒச்சம்மா. ஆடு வாங்கி விற்கிறவள். தங்கமாயனுக்கு மதினி முறை. பேத்தி காதுகுத்துக்காக அடகு நகையைத் திருப்பிவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். நகையைக் கைக்குட்டையில் முடிந்து மஞ்சள் பைக்கு அடியில் போட்டு, மேலே ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்திருந்தாள். திருடன் எட்டிப் பார்த்தால் பழம்தானே என்று போய்விடுவானாம்.

தங்கமாயன் ரோட்டை ஒரு பார்வை பார்த்தார். கார் எதையும் காணோம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்புறவுக கிட்ட வாங்க. நம்பாதவுக இன்னும் கிட்ட வாங்க. ஒரு தடவ மதுரைக்குப் போனேன் பாய். துப்பாக்கிக் கடை. கடைக்காரரு பரண் மேல டப்பா வச்சிருக்காரு. ஏணி போட்டு ஏறுறாரு. மேல நின்னு ஒரு வெல சொன்னாரு. சரி, கட்டுபடியாகும்னு தலைய ஆட்டுனேன். டப்பாவ எடுத்துக்கிட்டு ஒரு படி எறங்குனாரு, போன் வந்துச்சு, வெல ஏறிப்போச்சுங்கறாரு. அடுத்த படி எறங்குனாரு, இன்னொரு போன். படிக்குப் படி வெல. எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. 'அண்ணாச்சி, தரைக்கு வந்துறாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தப் படியிலயே நில்லுங்க'ன்னு நானும் ஏணில ஏறி, அந்தரத்துல வச்சு யாவாரத்த முடிச்சேன்."

"எறங்க எறங்க வெல ஏறுச்சுன்னா, நீ ஏற ஏற எறங்கியிருக்கணுமேய்யா?" என்றாள் ஒச்சம்மா.

"எறங்குச்சே மதினி! இன்னும் ரெண்டு படி ஏறியிருந்தா சும்மாவே குடுத்திருப்பாரு. ஏணி தாங்கல."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தங்கமாயனுக்கு அது ஒரு டம்ளர் மோர் குடித்த மாதிரி இருந்தது.

"வாங்குனது ஒரே ஒரு தோட்டா. வீட்டுக்குக் கொண்டாந்தேன். சம்சாரம் பாத்தா. 'இம்புட்டு வெலப்பட்ட பொருளையா நெருப்பு வச்சுக் கொளுத்துவீக?'ன்னு பிடுங்கி, செயின்ல கோத்துக் கழுத்துல போட்டுக்கிட்டா. அதோட ஒரு கல்யாணத்துக்குப் போனோம். ஒருத்தர் கண்ணும் மணமேடைல இல்ல. பூராம் என் சம்சாரம் கழுத்துல. தாலி கட்டக் குனிஞ்ச மாப்பிள்ள நிமிந்துட்டான். 'நீங்க போடறேன்னு சொன்ன நகையெல்லாம் நீங்களே வச்சுக்கங்க மாமா. அந்தச் செவப்பு டாலர் ஒண்ணு போட்டாத்தான் முடிச்சுப் போடுவேன்'கிறான்."

"அடேயப்பா. அப்பறம்?"

"பொண்ணோட அப்பன் என் கைய்யப் பிடிச்சுக்கிட்டு அழுதான். எனக்கு மனசு கேக்கல. இரவலாக் குடுத்தேன். மூணாவது முடிச்சு விழுந்ததும் திருப்பி வாங்கிட்டேன்."

"எந்த ஊர்க் கல்யாணம்? யார் வீடு? பேரச் சொல்லு பாப்போம்," என்று ஒச்சம்மா மடக்கினாள்.

"பேரச் சொன்னா அந்தப் பொண்ணு மாமியா வீட்ல வாழ வேண்டாமா மதினி?" என்றார் தங்கமாயன், ரொம்பக் கவலையாக.

ரோட்டில் ஒரு ஜீப் வந்தது. தங்கமாயனின் கை தானாகப் பெல்ட்டைத் தடவியது. இடது ஓரத்துத் தோட்டா; அதுதான் நிஜம். ஜீப் நிற்காமல் போயிற்று. கரண்ட் ஆபீஸ் ஜீப். போன மூச்சு திரும்பி வந்ததும் அடுத்த புளுகு கொஞ்சம் பெரிதாகவே வந்தது.

"இதுல என்னா கொடுமைன்னா, வெல ஏறுன விஷயம் பன்னிக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு."

"பன்னி பேப்பர் படிக்குதாக்கும்?"

"எதுக்குப் படிக்கணும் பாய்? டீக்கடைக்குப் பின்னால சாக்கடைல படுத்துக் கெடக்குது. நம்ம பேசறது பூராம் அது காதுலதான விழுகுது? அது மலைல இருக்கற காட்டுப் பன்னிக்குச் சொல்லிருச்சு. ஒரு நா கடலைக் காட்டுக்குப் போறேன், குடும்பத்தோட வந்து பந்தி போட்டு உக்காந்துருக்குக. துப்பாக்கிய நீட்டுனேன். ஒண்ணும் அசையல. மூத்த பன்னி மட்டும் ஏறிட்டு ஒரு பார்வை பாத்துச்சு. 'சுடு பாப்போம், உனக்குக் கட்டுபடியாகுமா?'ங்கற மாதிரி. எனக்கு மானமே போச்சு. சட்டைப் பைல கடைக்காரரு குடுத்த பில்லு இருந்துச்சு. எடுத்து அது மூஞ்சிக்கு நேரா விரிச்சுக் காட்டுனேன். பாத்துச்சு. மேலருந்து கீழ வரைக்கும் பாத்துச்சு. வரி போட்டுருக்கற எடத்துக்கு வந்துச்சு பாருங்க, கண்ணு சொருகி அப்படியே மல்லாந்துருச்சு."

வாசல் முழுக்கச் சிரித்தது. வரிசையில் முன்னால் நின்றவர்கூட தன் இடம் போனால் போகட்டும் என்று திரும்பி வந்து நின்றுகொண்டார்.

"செத்துப்போச்சா?" என்று காஜா பாய் கேட்டார்.

"சே, பாவம். தண்ணி தெளிச்சு எழுப்பி விட்டேன். எந்திரிச்சு, பிள்ளை குட்டியெல்லாம் கூட்டிக்கிட்டுப் பேசாம மலையேறிருச்சு. போறப்ப திரும்பி என்னையப் பாத்துச்சு பாருங்க, என் ஆயுசுல ஒருத்தரும் என்மேல அம்புட்டு எரக்கப்பட்டதில்ல."

"பன்னியே எரக்கப்படுது," என்றாள் ஒச்சம்மா. "நம்ம எங்க போயி முட்டிக்கிறது?"

"ஆனா எல்லாப் பன்னியும் அப்படி மனசாட்சியோட இருக்குமா? சுட வேண்டிய நெலம வரத்தான செய்யும்? அப்பதான் நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். விசைய முழுசா அமுக்குனாத்தான முழுத் தோட்டாவும் வெடிக்குது? குழாயப் பாதி திறந்தா பாதித் தண்ணிதான வரும்? நான் விசைய நகக்கண்ணால லேசாத் தொடுவேன். உள்ள கெடக்கற ரவைல ஒண்ணே ஒண்ணு மட்டும் 'புளுக்'குனு வெளிய போகும். மிச்சமெல்லாம் ரேஷன் கடைல நிக்கற மாதிரி வரிசைல நிக்கும். வெதச்சதுலருந்து அறுக்கற வரைக்கும் ஒரே தோட்டா. தவணைல சுட்டேன்."

"அண்ணே, எனக்கு ஒண்ணு புரியல," என்று காஜா பாய் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார். "வெடிமருந்து பத்திக்கிட்டா மொத்தமாத்தான வெடிக்கும்? பாதில எப்படி நிக்கும்?"

"நீ ட்யூபுல பாதிக் காத்து அடிச்சிட்டு நிறுத்தறதில்லையா?"

"நிறுத்துவேன். ஆனா அது காத்து."

"இதுவும் காத்துதான் பாய். கொஞ்சம் சூடான காத்து."

இதற்குப் பாய் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மேனேஜர் அம்மா ஃபோன் பேசுவது தெரிந்தது. பேசிக்கொண்டே தங்கமாயனைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆபீசர் வந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். நாளைக்கு இந்த இடத்தில் ஒரு பொடியன் கம்பை வைத்துக்கொண்டு ஃபோனைப் பார்த்தபடி நிற்பான். இந்த முகமெல்லாம் அவனைத் தாண்டி உள்ளே போய்விடும். நாம் வீட்டில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம். உடனே அவர் அன்றைக்கு இருந்ததிலேயே பெரியதை எடுத்தார்.

"அதுவும் தீர்ற நெலமைக்கு வந்துச்சு. கடைசி வெடி. யோசிச்சேன். பன்னி எதுக்குப் பயப்படுது? குண்டுக்கா? சத்தத்துக்குத்தான? நேரா மலைக்குப் போனேன். எதிரெதிரா ரெண்டு பாறை, நடுவுல பள்ளம். சம்சாரத்தோட சீதனப் பித்தளைக் குடம் ஒண்ணக் கையோட கொண்டுபோனேன். ஒரே வெடி. சத்தம் போயி அந்தப் பாறைல முட்டுச்சு, திரும்பி இந்தப் பாறைல முட்டுச்சு, மறுபடி திரும்பி வருது. வர்ற வழில குடத்தப் பிடிச்சேன். 'டும்'னு உள்ள பூந்துச்சு. ஈரத் துணியப் போட்டு வாயக் கட்டிட்டேன்."

"சத்தத்தையா?"

"எதிரொலிய மதினி. அசல் சத்தம் போயிருச்சு, அத எவன் பிடிக்க முடியும்? நான் பொய் சொல்லுவேனா?"

ஒச்சம்மா வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வீட்டுக்கு வந்து மூலைல வச்சேன். பன்னி வந்துச்சுன்னா காட்டுக்குத் தூக்கிட்டுப் போயி, துணிய இம்மியளவு விலக்குவேன். 'டுமீல்!' பழையபடி கட்டிருவேன். பக்கத்துக் காட்டுக்காரங்கெல்லாம் சொம்பு கொண்டாந்து கேட்டாங்க. ஆளுக்குக் கொஞ்சம் ஊத்திக் குடுத்தேன். அதுல ஒருத்தன் திருப்பித் தர்றப்ப நாய் கொரைக்கற சத்தத்தக் கலந்து தந்துட்டான். அன்னையிலருந்து என் வெடி 'டுமீல் லொள், டுமீல் லொள்'னுதான் கேக்கும்."

இதற்குமேல் நிற்க முடியாமல் காஜா பாய் தூணைப் பிடித்துக்கொண்டார். பாஸ்புக் கீழே விழுந்தது.

"சித்திரை மாச வெயில்ல சத்தம் புளிச்சுப் பொங்கிருச்சு. எனக்குத் தெரியாது. சம்சாரம் தண்ணிக் குடம்னு நெனச்சு அவுத்துட்டா. வீட்டு ஓடு பூராம் பறந்து அடுத்த தெருவுல போயி வரிசையா உக்காந்துருச்சு."

"உன் வீடு மச்சு வீடுதானேய்யா?" என்றாள் ஒச்சம்மா. "நான் வந்திருக்கேனே."

"ஓடு போனதுக்கப்பறந்தான மதினி மச்சு கட்டுனேன்! கட்டாம வானத்தப் பாத்துக்கிட்டா படுக்க முடியும்?"

"சரி. அம்புட்டுச் சாமர்த்தியம் இருக்கறவன் எதுக்கு இம்புட்டுத் தோட்டாவ இடுப்புல கட்டிச் சொமக்கற? கழட்டி அடகு வையி. பேங்கு உள்ளதான இருக்கு?"

"வச்சுப் பாத்துட்டேன். இம்புட்டு வெலப்பட்ட பொருளுக்கு எங்ககிட்ட லாக்கர் இல்லன்னு திருப்பிக் குடுத்..."

சொல்லி முடிக்கவில்லை. கூரை மேல் தகரம் தடதடவென்றது. மலைக்கோயில் குரங்கு ஒன்று, பெரிய கடுவன், கூரை விளிம்பில் தொங்கி ஒரே கையால் ஒச்சம்மாவின் மஞ்சள் பையை அள்ளிக்கொண்டு போயிற்று. எல்லாரும் என்ன ஏது என்று எழுந்து பார்ப்பதற்குள் அது ரோட்டைத் தாண்டி, காஜா பாய் கடைக்கு மேலே நின்ற வேப்பமரத்தின் உச்சாணிக் கிளையில் உட்கார்ந்துவிட்டது.

முதலில் சிரித்தார்கள். பழம்தானே என்றார்கள். ஒச்சம்மா சிரிக்கவில்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"பழத்துக்குக் கீழ நகை இருக்கு," என்றாள். "பேத்தி தோடு, என் மக சங்கிலி, எல்லாம்."

குரங்கு ஒரு பழத்தை உரித்துத் தின்றது. இன்னொன்றைத் தின்றது. பையைக் கவிழ்த்துப் பார்த்தது. கைக்குட்டை முடிச்சு மடியில் விழுந்ததும் அதை எடுத்து முகர்ந்தது, பல்லால் கடித்தது. பிறகு முடிச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தது. அந்த மரத்திலிருந்து அடுத்த மரம், அதிலிருந்து புளியந்தோப்பு, அதைத் தாண்டினால் மலை. மலைக்குள் போய்விட்டால் போனதுதான்.

ஒருவர் கல்லை எடுத்தார். "எறியாதீங்க, பயந்து ஓடிரும்," என்று இன்னொருவர் தடுத்தார். காஜா பாய் டீக்கடையிலிருந்து பன் ஒன்றை வாங்கிவந்து நீட்டினார். குரங்கு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒச்சம்மா தங்கமாயனிடம் வந்தாள். கேலி பேசுகிறவள் இப்போது கையைக் கூப்பினாள்.

"மேல பாத்து ஒரு வெடி வையிய்யா. கொரங்கச் சுட வேணாம், அது சாமி. சத்தம் கேட்டா கீழ போட்ரும். ஒரே ஒரு வெடி. உன்னையக் கும்புடுறேன்."

தங்கமாயன் அவளைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். ரோட்டின் கடைசியில், கோயில் வளைவுக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைக் கார் திரும்பிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பேங்க் முத்திரை ஒட்டின கார்.

கை இடது ஓரத்துத் தோட்டாவில் போய் நின்றது. இதைச் சுட்டால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. கூட்டத்துக்கு நடுவே வெடித்ததற்கு லைசென்ஸும் போகலாம். சுடாவிட்டால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. சட்டம் தெரியாதா மதினி என்று சொல்லிவிட்டால் போதும். அப்படிச் சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அதற்குள் ஒச்சம்மா முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி மரத்தடிக்கு ஓடிப்போய் நின்றுவிட்டாள். இவர் சுட்டுவிடுவார் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை நாள் ஒரு வார்த்தையைக்கூட நம்பாதவள்.

"போய்த் தொலையட்டும்," என்று முணுமுணுத்துத் தங்கமாயன் தோட்டாவை உருவினார். குழலைத் திறந்து போட்டு மூடினார். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். மரத்துக்கு அங்கிட்டு, வெறும் வானத்தைப் பார்த்து நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தார்.

'டிக்.'

அவ்வளவுதான். எத்தனையோ மழைக்காலம் பார்த்த தோட்டா, நமுத்துப் போயிருந்தது. மறுபடி இழுத்தார். மறுபடியும் 'டிக்.' கூட்டம் வாயைத் திறந்தபடி நின்றது. குரங்கு அவரை ஒரு நிமிசம் உற்றுப் பார்த்தது. பிறகு விலாவைச் சொறிந்துகொண்டு, எழுந்து, அடுத்த கிளைக்குக் கால் வைத்தது.

அந்த நேரத்தில் தங்கமாயனுக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கே தெரியாது. வேலை போகிற பயம், தோட்டா ஏமாற்றின ஆத்திரம், மதினி விரித்த முந்தானை, எல்லாம் சேர்ந்து அடிவயிற்றில் திரண்டு மேலே ஏறி வாய் வழியாக வெளியே வந்தது.

"ட்டுமீல்ல்ல்ல்!"

வேப்பமரத்துக் காக்கையெல்லாம் ஒரே மொத்தமாக எழும்பிற்று. பேங்க் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. காஜா பாய் கடையில் அடுக்கி வைத்திருந்த பழைய ட்யூப்கள் சரிந்து ரோட்டில் உருண்டன. பஸ் ஸ்டாப்பில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே சுற்றியது. தங்கமாயனே அந்த வேகத்தில் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் மோதி உட்கார்ந்தார். குரங்கு நாலு காலையும் விரித்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் பாய்ந்தது. கக்கத்தில் இருந்த முடிச்சு நழுவி, கிளைக்குக் கிளை தட்டி, ஒச்சம்மாவின் முந்தானையில் வந்து விழுந்தது.

அவள் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். தோடு இருந்தது. சங்கிலி இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் ஓவென்று கத்த வாயெடுத்த சமயத்தில்தான் வெள்ளைக் காரின் கதவு மெதுவாகத் திறந்தது. வண்டிக்குள் சீட்டுக்கு அடியில் குனிந்திருந்த ஒருவர், ஹேண்ட்பேகைத் தலைமேல் பிடித்தபடி வெளியே வந்தார். செக்யூரிட்டி ஆபீசர். அதற்குள் மேனேஜர் அம்மாவும் செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்துவிட்டார்.

"யார் சுட்டது?" என்று ஆபீசர் கேட்டார். குரல் கீச்சென்று வந்தது. "இவ்வளவு ஜனம் இருக்கற இடத்துல யார் சுட்டது? போலீசுக்கு ரிப்போர்ட் பண்ணணும்! தங்கமாயன் யாரு?"

தங்கமாயன் எழுந்து விறைப்பாக நின்றார். கார்க் கதவு திறந்த சமயத்திலேயே குழலைத் திறந்து தோட்டாவை எடுத்துப் பெல்ட்டில் செருகியிருந்தார். வாயைத் திறந்தார். பிறந்ததிலிருந்து அவருக்குக் கிடைக்காத ஒரு சரக்கு அப்போது நாக்கு நுனியில் இருந்தது. ஒரு துளி கலப்படமில்லாத நிஜம். சொன்னால் ஜில்லா முழுக்கப் பேசும். ஆனால் வாயால்தான் சுட்டேன் என்றால், ஏன் வாயால் சுட்டாய் என்று கேட்பார். துப்பாக்கியால் சுட்டேன் என்றால் போலீஸ் வரும்.

"டயர் சார்," என்றாள் ஒச்சம்மா, தரையில் உட்கார்ந்தபடியே.

"என்ன?"

"லாரி டயர் வெடிச்சிருச்சு சார். அதுக்குத்தான் எல்லாரும் பதறிப்போயி நிக்கிறோம்."

ஆபீசர் ரோட்டைப் பார்த்தார். "லாரி எங்கே?"

"போயிருச்சு சார்," என்றார் காஜா பாய், உருண்டு கிடந்த ட்யூபை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டே. "ஒட்டுப் போட்ட பழைய டயர் சார், இப்படித்தான் வெடிக்கும். பத்து டயர்ல ஒண்ணு போனா வண்டி நிக்காது. நான் டயர்க் கடைக்காரன், எனக்குத் தெரியாதா?"

கூட்டம் முழுக்கத் தலையை ஆட்டியது. கியூவில் முன்னால் நின்றவர் லாரியின் கலரைக்கூடச் சொன்னார்.

ஆபீசருக்கு உயிர் வந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மனுசன் இத்தனை வருசமும் விவசாயக் கடன் பிரிவில் இருந்தவர். செக்யூரிட்டிப் பொறுப்பைப் போன வாரம்தான் தலையில் கட்டியிருந்தார்கள். பெல்ட்டைக் கழற்றச் சொல்லி வாங்கினார். பாம்பைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் ஒரு தோட்டாவை உருவினார். பித்தளைப் பக்கத்தைத் திருப்பினால் தீர்ந்தது.

"இதுல எது முன்பக்கம்?" என்றார் ஆபீசர்.

தங்கமாயன் ஒரு எட்டு முன்னால் வந்தார். "செவப்பா இருக்கறது சார். வெடிக்கற பக்கம். மூஞ்சிக்கு நேரா வைக்காதீங்க."

ஆபீசர் சடாரென்று தோட்டாவைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு காதோரம் ஆட்டிப் பார்த்தார். கலகலவென்றது. திருப்தியாகத் தலையாட்டினார். ஆட்டின ஆட்டலில் மெழுகு விட்டு நாலு கேழ்வரகு அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"இது என்ன?"

"மருந்து சார். கையக் கண்ணுல வச்சிராதீங்க."

ஆபீசர் கையைப் பேண்ட்டில் துடைத்து, ஊதி, மறுபடி துடைத்தார். பெல்ட்டை அவசரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"பரவாயில்லையே மேடம்," என்றார் மேனேஜர் அம்மாவிடம். "நான் பாத்துட்டு வந்த கிளைகள்ல ஒருத்தர்கிட்டயும் தோட்டா இல்ல. கடைலயே சரக்கு இல்லங்கறாங்க, விலை கேட்டா தலை சுத்துதுங்கறாங்க. இவர்கிட்ட பெல்ட் நிறைய இருக்கே! ஏன்யா தங்கமாயன், இந்த விலைவாசில நீங்க மட்டும் எப்படிச் சமாளிக்கறீங்க?"

காஜா பாய் ட்யூபை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு கேள்வியை இப்படி ஒரு ஆளிடம் யாராவது கேட்பார்களா? தங்கமாயனின் மீசை துடித்தது. நாக்கு நுனியில் ஏணியும் பன்னியும் குடமும் வந்து நின்றன. எல்லாவற்றையும் ஒரு மடக்காக விழுங்கினார்.

"வீணாக்கறதில்ல சார்," என்றார்.

"வெரி குட். அது சரி, அந்த டயர் வெடிச்சப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார். சும்மா நின்னுக்கிட்டிருந்தேன்."

"அதான் வேணும். பதட்டமே படக் கூடாது," என்று ஆபீசர் அவர் தோளைத் தட்டிவிட்டு மேனேஜர் அம்மாவோடு உள்ளே போனார். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

தங்கமாயன் சுவரில் சாய்ந்து நின்றார். ஆயுளில் ஒரு தடவை செய்த காரியம் லாரி டயர் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

ஒச்சம்மா எழுந்து முந்தானையை உதறினாள். நகை முடிச்சை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். அவர் பக்கத்தில் வந்து நின்று, ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏய்யா மிலிட்டரி," என்றாள். "இத்தன வருசமா நீ அவுத்துவிட்டதுல, ஒரு மனுசன் நம்புன மொதப் பொய் அந்த 'சும்மா நின்னுக்கிட்டிருந்தேன்'தான்யா."